கறுத்த திரைக்கு முன்னால் தமிழ் வேண்டும்

லினக்ஸ் என்ற பணிசெயல் முறைமை நிறுவப்பட்ட கணினி ஒன்றில் அதன் உட்கருவான கேர்னலின் அப்டேட் முடிகிறது. கணினியை மறுபடி இயக்கினால் தயாரிப்பாளரின் சின்னம் ஒருமுறை தோன்றுகிறது, விசிறி சுற்றுகிறது, அதன்பின் திரை கறுத்தே கிடக்கிறது. உலகெங்கும் நடக்கும் கோளாறுதான் இது. ஆனால் இதன் விலை எல்லா ஊரிலும் ஒன்றல்ல. கண்டி நகரத்திலும் அதைச் சூழ்ந்த கம்பளை, நாவலப்பிட்டி, தெல்தோட்டை போன்ற ஊர்களிலும் இப்படியொரு கணினிக்கு முன்னால் இருப்பவருக்கு மூன்று வழிகளே கண்ணில் படுகின்றன. விஜிஏ கார்ட் போய்விட்டதென்று புதியதற்கு விலை கேட்கலாம். கடையில் கொடுத்து ஃபோர்மட் செய்விக்கலாம். இனி அப்டேட் பக்கமே போவதில்லை என்று முடிவெடுக்கலாம். முதலாவது பணத்தைத் தின்கிறது, இரண்டாவது ஆண்டுக்கணக்கில் சேர்த்த கோப்புகளைத் தின்கிறது, மூன்றாவது கணினியின் பாதுகாப்பைத் தின்கிறது. நான்காவது வழியொன்று உண்டு. நேற்றுவரை ஒழுங்காக ஓடிய பழைய கேர்னல் பெரும்பாலும் அதே கணினிக்குள் அழியாமல் இருக்கிறது. அதைத் தெரிவுசெய்து இயக்கினால் போதும். இந்த வழி நம்மவர் பலருக்குத் தெரியாமல் இருப்பதற்குக் காரணம், கணினி அறிவில் நாம் பின்தங்கியவர்கள் என்பதல்ல. திரை கறுக்கும் அந்தக் கணத்தில் நம் மொழியில் வழிகாட்ட எதுவும் அருகில் இல்லை என்பதே காரணம் என்று நான் கருதுகிறேன். இந்தக் குறையை நீக்கப் பெரிய நிதியும் வேண்டியதில்லை.

முதலில் திரை ஏன் கறுக்கிறது என்று பார்ப்போம். பாடப்புத்தகத்தில் பணிசெயல் முறைமை என்று படிக்கிறோமே, அதன் உட்கரு கேர்னல். நினைவகம், வட்டு, விசைப்பலகை, திரை என எல்லா வன்பொருளையும் மற்ற மென்பொருள்கள் அதன் வழியாகவே தொடுகின்றன. திரையின் அளவையும் தெளிவையும் அமைக்கும் பொறுப்பை 2009 தொடக்கம் கேர்னலே படிப்படியாக ஏற்றுக்கொண்டது. திரையை இயக்கும் மென்பொருள்களான இன்டெல், ஏஎம்டி நிறுவனங்களின் கிராஃபிக்ஸ் ட்ரைவர்கள் கேர்னலுக்குள்ளேயே இருப்பதால், கேர்னல் மாறும்போது அவையும் சேர்ந்து மாறுகின்றன. புதிய பதிப்பில் ஒரு வழு புகுந்துவிட்டால் பழைய மடிக்கணினி ஒன்றின் திரை அணைந்துபோகலாம். என்விடியாவின் நிலை வேறு. அதன் சொந்த ட்ரைவர் கேர்னலுக்கு வெளியே இருப்பது; கேர்னல் மாறுந்தோறும் அதற்கேற்ப அந்த ட்ரைவரை மறுபடி கட்ட வேண்டும். பல லினக்ஸ் வெளியீடுகளில் இந்த வேலை பின்னணியில் தானாகவே நடக்கிறது. ஆனால் கட்டுவதற்குத் தேவையான கோப்புகள் இல்லாவிட்டால், வட்டில் இடம் தீர்ந்துவிட்டால், பாதி வழியில் மின்சாரம் நின்றுவிட்டால், அல்லது செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு முறை கையொப்பமில்லாத ட்ரைவரை ஏற்க மறுத்துவிட்டால் வேலை முடிவதில்லை. புதிய கேர்னல் வந்துவிட்டது, அதற்குரிய ட்ரைவர் வரவில்லை என்ற நிலை. நம் கண்ணுக்குத் தெரிவது கறுப்புத் திரை மட்டும்.

காரணம் இப்படிப் பலவாக இருந்தாலும் கண்டுபிடிக்கும் முறை எளியது. தயாரிப்பாளரின் சின்னம் திரையில் தெரிந்தாலே மொனிட்டரும் கேபிளும் விஜிஏ கார்டும் அநேகமாக உயிரோடுதான் இருக்கின்றன. புதிய கார்டுக்கு விலை கேட்கும் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். அடுத்து, கணினியை இயக்கிய உடனே ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால் க்ரப் எனப்படும் தெரிவுப்பட்டியல் வரும். உபுண்டு போன்ற லினக்ஸ் வெளியீடுகளில் அந்தப் பட்டியலிலுள்ள அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ் பகுதிக்குள் முந்தைய கேர்னல் இருக்கும். ஃபெடோரா என்ற வெளியீடு வழக்கமாக மூன்று கேர்னல்களை வைத்திருக்கும். பழையதைத் தெரிவுசெய்து திரை வந்துவிட்டால் குற்றவாளி புதிய கேர்னல் அல்லது அதற்குரிய ட்ரைவர் என்பது தெளிவு. பழையதிலும் திரை வராவிட்டால் கோளாறை வேறெங்கோ தேட வேண்டும். இந்த ஒரே சோதனை நோயை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. மேலும் ஒரு படி போக விரும்புவோர் கன்ட்ரோல், ஓல்ட், எஃப்3 விசைகளை ஒன்றாக அழுத்திப் பார்க்கலாம். எழுத்து மட்டும் உள்ள திரை வந்தால் கேர்னல் இயங்குகிறது, பெரும்பாலும் அதற்கு மேலுள்ள வரைகலைப் பகுதியே விழுந்திருக்கிறது என்று பொருள். க்ரப் பட்டியல் வழியாகத் திருத்தக்கூடிய கேர்னல் வரியின் இறுதியில் நோமோட்செட் என்ற ஒரு சொல்லைச் சேர்த்து இயக்கினால், சிறப்பு ட்ரைவர் இல்லாமலே எளிய காட்சியொன்று கிடைக்கும். கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ள அது போதும். கடந்த முறை இயங்கியபோது என்ன நடந்தது என்ற பதிவும் பெரும்பாலும் வட்டிலேயே இருக்கும். இவற்றில் எதற்கும் பட்டப்படிப்பு வேண்டியதில்லை. எந்த வரிசையில் செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தால் போதும்.

இது ஆர்வலர் சிலரின் பொழுதுபோக்குச் சிக்கல்தானே, நாளிதழில் எழுதும் அளவுக்குப் பெரிதா என்று கேட்கலாம். சென்ற சில ஆண்டுகளின் நிகழ்வுகள் இதைப் பெரிதாக்கிவிட்டன. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் ஒன்றுக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த இலங்கை ரூபாவின் மதிப்பு, மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குச் சரிந்தது. இறக்குமதியாகும் கணினியின் விலை ஒரு குடும்பத்தின் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. ஏற்கெனவே இருக்கும் பழைய கணினியை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவது பல வீடுகளில் தவிர்க்க முடியாததாயிற்று. அதன்பின் 2025 ஒக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுத்தியது. தற்காலிக நீடிப்பு ஏற்பாடு உண்டு என்றாலும், விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முற்படாத புரொசெஸரும் 2017க்கு முந்திய கணினிகளில் ஒருசேரக் கிடைப்பதில்லை. அந்தக் கணினிகளைக் குப்பைக்கு அனுப்பாமல் காக்கக் கண்முன் இருக்கும் நல்ல வழி லினக்ஸ். இது நம் மண்ணுக்குப் புதியதும் அல்ல. பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு மேலே எழுந்து நிற்கும் மலைத்தொடரின் பெயரைத் தாங்கி, ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்டு, டனிஷ்க நவின் முன்னின்று உருவாக்கிய ஹந்தானா லினக்ஸ் 2010களின் தொடக்கத்தில் பதிப்புப் பதிப்பாக வெளிவந்தது. நம் மலையின் பெயரில் ஒரு பணிசெயல் முறைமையே வந்திருக்கும்போது, லினக்ஸ் ஓடும் கணினி ஒன்றின் திரை கறுத்தால் என்ன செய்வது என்பது இங்குள்ள பாடசாலைப் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கலாகாது.

அப்டேட் செய்வதால்தானே தொல்லை, ஓடுகிற கணினியை ஏன் தொட வேண்டும் என்பது எல்லோரும் எழுப்பும் முதல் மறுப்பு. மனித இயல்புக்கு உகந்த வாதம் இது. ஆனால் இந்த நாட்டின் அனுபவமே இதற்கு எதிராக நிற்கிறது. 2023 ஒகஸ்ட் 26 அன்று இலங்கை அரசின் லங்கா கவர்ன்மென்ட் கிளவுட் மீது கப்பம் கோரும் மென்பொருள் தாக்குதல் நடந்தது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அவ்வாண்டு மே 17 முதல் ஒகஸ்ட் 26 வரையிலான தரவுகள் மீட்க முடியாமல் போயின. அங்கே ஓடிக்கொண்டிருந்தது ஆதரவுக்காலம் முடிந்துபோன 2013ஆம் ஆண்டின் மின்னஞ்சல் மென்பொருள். நிதிப் பற்றாக்குறையால் அதை மேம்படுத்துவது தள்ளிப்போடப்பட்டிருந்தது. கேர்னலும் இந்த விதிக்கு விலக்கல்ல. 2016 ஒக்டோபரில் வெளிப்பட்ட டர்ட்டி கௌ என்ற ஓட்டை, லினக்ஸ் கேர்னலுக்குள் 2007 முதல் ஒன்பது ஆண்டுகள் ஒளிந்திருந்தது. சாதாரணப் பயனர் ஒருவர் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்ற அது வழிவிட்டது. திருத்தம் அப்டேட் வழியாகத்தான் வந்தது. பல மாணவர்கள் ஒரே கணினியைப் பகிர்ந்துகொள்ளும் ஆய்வுகூடத்துக்கு இத்தகைய ஓட்டை எவ்வளவு ஆபத்தானது என்று விளக்க வேண்டியதில்லை. எனவே அப்டேட்டை நிறுத்துவது தீர்வாகாது. அப்டேட் பிசகினால் திரும்பி வரத் தெரிந்திருந்தால் அப்டேட்டுக்கு அஞ்ச வேண்டியதுமில்லை.

இரண்டாவது மறுப்பு, லினக்ஸ் என்றாலே இந்தத் தொல்லைதான், விண்டோஸில் இப்படி நடக்காது என்பது. 2024 ஜூலை 19 இதற்குப் பதில் சொல்கிறது. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான அப்டேட் ஒன்றால் உலகெங்கும் சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையோடு நின்றன என்று மைக்ரோசொஃப்ட் கணித்தது. விமானங்கள் தடைப்பட்டன, மருத்துவமனைகள் திணறின. அந்த மென்பொருளும் கேர்னலின் மட்டத்தில் ஓடுவதுதான். நிறுவனம் 78 நிமிடங்களில் பிழையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. ஆனால் அதற்குள் விழுந்துவிட்ட பல கணினிகள் தாமாக எழவில்லை. ஒவ்வொரு கணினிக்கு முன்னும் ஒரு மனிதர் போய் நின்று, பாதுகாப்பு நிலையில் அதை இயக்கி, ஒரே ஒரு கோப்பை அழித்து, மறுபடி இயக்க வேண்டியிருந்தது. உலகின் மிகப்பெரிய நிறுவனங்களையும் இறுதியில் மீட்டது, ஒரு படி பின்னே போகத் தெரிந்த மனிதரின் கைதான். பெரிய நிறுவனங்களிடம் அத்தகைய கைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. பன்விலையிலோ நாவலப்பிட்டியிலோ உள்ள ஒரு பாடசாலையின் கணினி அறையில் அப்படி ஒரு கையாவது இருக்கிறதா என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி. என்விடியா கார்ட் உள்ள பழைய கணினிகளில் லினக்ஸ் கூடுதல் தொல்லை தருவது உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. ஃபேர்மி தலைமுறைக் கார்டுகளுக்கான 390 வரிசை ட்ரைவருக்கு அந்நிறுவனம் 2022 இறுதியோடு ஆதரவை நிறுத்தியது. 2022 மே மாதம் அது திறந்துவிட்ட கேர்னல் பகுதிகளும் ட்யூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்திய தலைமுறைகளுக்கும் உரிய கார்டுகளுக்கே உதவுகின்றன. ஆகவே பழைய கணினி வாங்குவோர் இன்டெல் அல்லது ஏஎம்டி கிராஃபிக்ஸ் உள்ளதைத் தேடி வாங்குவது நல்லது. இதையும் யாராவது வாங்குபவரின் மொழியில் சொல்லித்தானே அவர் அறிவார்?

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. பழுது பார்ப்பதற்குத்தான் கடை இருக்கிறதே, எல்லோரும் எல்லாவற்றையும் படிக்க வேண்டுமா? கண்டி நகரத்தில் திறமையான பழுதுபார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் உழைப்பைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. ஆனால் கடையின் கணக்கும் உடைமையாளரின் கணக்கும் ஒன்றல்ல. கடைக்காரருக்கு ஃபோர்மட் என்பது நேரம் முன்கூட்டியே தெரிந்த வேலை. காரணம் தேடுவது எப்போது முடியும் என்று சொல்ல முடியாத வேலை. வாடிக்கையாளரும் மாலைக்குள் வேண்டும் என்கிறார். இந்த அவசரத்தில் வெட்டுப்படுவது உயர்தர மாணவியின் செயற்றிட்டமோ ஒரு குடும்பத்தின் புகைப்படமோ ஆகிவிடுகிறது. தோட்டப்புறத்திலிருந்து மேசைக்கணினி ஒன்றைப் பேருந்தில் ஏற்றி நகரத்துக்குக் கொண்டுவந்து திரும்ப எடுத்துச் செல்வதற்கு ஒரு நாள் வேலையும் போய்விடும். பழைய கேர்னலைத் தெரிவுசெய்து பார்ப்பதற்கோ ஐந்து நிமிடம் போதும். அந்தச் சோதனையைச் செய்துவிட்டு வரும் வாடிக்கையாளர் கடைக்காரருக்கும் உதவியே செய்கிறார், ஏனென்றால் நோயின் பாதி அப்போதே தெரிந்துவிடுகிறது. மருத்துவமனைக்குப் போகுமுன் காய்ச்சல் எத்தனை நாளாக இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த நோயாளியை எந்த மருத்துவரும் வெறுப்பதில்லை.

இனி மொழிக்கு வருகிறேன். என் வாதத்தின் மையம் இதுதான். 2000ஆம் ஆண்டை ஒட்டிய காலத்திலிருந்து தமிழ்த் தன்னார்வலர்கள் லினக்ஸின் பணிமேசைச் சூழல்களைத் தமிழாக்க உழைத்தார்கள். அதன் பயனாக இன்று பட்டியல்களையும் கட்டளைகளையும் தமிழில் வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை கணினி பழகலாம். ஆனால் அந்தத் தமிழ் முழுவதும் வரைகலைப் பகுதியின் மேல் நிற்கிறது. வரைகலை விழுந்தால் தமிழும் சேர்ந்து விழுகிறது. எழுத்து மட்டும் உள்ள கேர்னல் திரையால் தமிழ் எழுத்துகளைச் சரியாகச் சேர்த்துக் காட்ட முடியாது. கொம்பும் காலும் எழுத்தின் இருபுறமும் நிற்கும் கொ, கோ போன்றவற்றைக் கோத்துக் காட்டும் ஆற்றல் அதற்குக் கிடையாது. சிங்களத்துக்கும் இதே கதிதான். ஆகவே எல்லாம் நன்றாக ஓடும்வரை தமிழில் பேசிய கணினி, உதவி மிக அதிகமாகத் தேவைப்படும் கணத்தில் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. செய்திகள் ஆங்கிலத்தில் வரும்போது தமிழ் வழிகாட்டியால் என்ன பயன் என்று சிலர் கேட்பார்கள். திரையில் அடையாளம் காண வேண்டிய ஆங்கிலச் சொற்கள் ஐந்தாறுக்கு மேல் இல்லை. அவற்றின் வடிவத்தைக் காட்டி, எதைக் கண்டால் எதைச் செய்ய வேண்டும் என்று தமிழில் சொன்னால் போதும். சிந்திக்கும் வரிசையைத் தாய்மொழியில் பெற்றுக்கொண்ட பிள்ளைக்கு அந்தச் சில சொற்கள் தடையாக நிற்கமாட்டா. அந்த வழிகாட்டி கணினிக்குள் இருக்கக் கூடாது, காகிதத்தில் இருக்க வேண்டும். கறுத்த திரைக்குப் பக்கத்தில் சுவரில் ஒட்டப்பட்ட தாள் மின்சாரம் போனாலும் அணைவதில்லை.

ஆகவே கண்டிப் பகுதியில் தொடங்கக்கூடிய நான்கு சிறிய வேலைகளை முன்வைக்கிறேன். முதலாவது, தமிழிலும் சிங்களத்திலும் அமைந்த ஒரு பக்கத் தாள் ஒவ்வொரு பாடசாலைக் கணினி அறையிலும் பொது நூலகத்திலும் ஒட்டப்படட்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் கணினிப் பொறியியல் மாணவர்களும் ஆசிரியர்களும் கூடினால் ஒரு வார இறுதியில் அதை எழுதிச் சோதித்துவிடலாம். இரண்டாவது, ஆய்வுகூடங்களில் எல்லாக் கணினிகளையும் ஒரே நாளில் அப்டேட் செய்யும் வழக்கம் கைவிடப்படட்டும். முதலில் ஒன்றில் செய்து, ஒரு வாரம் பார்த்து, பிறகு மற்றவற்றுக்குச் செல்வதே முறை. கிரவுட்ஸ்ட்ரைக் அன்று தவறவிட்டது இந்தப் படிமுறையைத்தான். அப்டேட் நடக்கும் நேரத்தில் யூபிஎஸ் இணைப்பு இருக்க வேண்டும், மடிக்கணினியாயின் பேட்டரி நிறைந்திருக்க வேண்டும். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்சாரம் இல்லாமல் போனதை யாரும் மறந்திருக்கமாட்டோம். மலைநாட்டின் இடியும் மழையும் அதைவிட அடிக்கடி வருகின்றன. மூன்றாவது, சாதாரண தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பாடத்தில் பணிசெயல் முறைமையின் வரைவிலக்கணத்தை மனனம் செய்வதோடு, விழுந்த கணினியை எழுப்பும் செய்முறை ஒன்றும் சேரட்டும். ஆசிரியர் வேண்டுமென்றே பழைய கேர்னலைத் தெரிவுசெய்து காட்டும் நாற்பது நிமிடப் பாடம், கேர்னல் என்றால் என்ன என்பதைப் பத்துப் பக்கத்தைவிட நன்றாகப் புரியவைக்கும். நான்காவது, பழுதுபார்க்கும் கடைகள் இரண்டு வழக்கங்களை ஏற்கட்டும். ஃபோர்மட்டுக்கு முன் பழைய கேர்னலை முயல வேண்டும். முயற்சி பலிக்காவிட்டாலும் கோப்புகளை முதலில் வெளியே எடுத்துவிட வேண்டும். இந்த இரண்டையும் பலகையில் எழுதி வைக்கும் கடையை மக்கள் தேடி வருவார்கள்.

இதெல்லாம் நல்ல யோசனை, ஆனால் யார் செய்வது என்ற கேள்வி இறுதியில் எஞ்சும். ஒரு தாளை அச்சிட அமைச்சின் சுற்றறிக்கை தேவையில்லை. பழைய மாணவர் சங்கம், நூலக வாசகர் வட்டம், தோட்டப்புற இளைஞர் கழகம் எதனாலும் இது முடியும். ஆனாலும் அரசுக்கும் ஒரு கடமை இருக்கிறது. அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அந்த உரிமையைப் படிவங்களிலும் பெயர்ப்பலகைகளிலும் தேடப் பழகிய நாம், பிள்ளைகள் நாள்தோறும் தொடும் கருவிகளின் முன்னாலும் அதைத் தேட வேண்டும். அரசு பாடசாலைக்குக் கணினி கொடுக்கும்போது, அது விழுந்தால் எழுப்பும் வழியைப் பிள்ளையின் மொழியில் சேர்த்தே கொடுக்க வேண்டும். அதில்லாமல் கொடுத்தது பாதிக் கொடையே. கண்டிப் பகுதியின் ஆசிரியர்களிடமும் பேராதனை மாணவர்களிடமும் நான் வேண்டுவது இதைத்தான்: அடுத்த தவணை தொடங்குமுன் அந்த ஒரு பக்கத்தை எழுதுங்கள், உங்கள் கணினி அறையின் சுவரில் ஒட்டுங்கள், பக்கத்துப் பாடசாலைக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்.